சொடுக்கியதும் மறுமொழி: கணினித் தாமதத்தின் கதை



2003ஆம் ஆண்டு அறிவியல், கணிதப் பாடங்கள் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது மடிக்கணினிகள் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. மலாக்கா மாநிலத் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் அப்போது நான் புதிய ஆசிரியர். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துத் திரையில் விடையைச் சொடுக்கச் சொன்னேன். சொடுக்கினாள், அசைவில்லை. மீண்டும் மீண்டும் சொடுக்கினாள். திடீரெனப் பக்கங்கள் தாவி ஓடின. "நான் கெடுத்துட்டேனா டீச்சர்?" என்று கேட்டு அழுதாள். அவள் தேர்ந்த விடை சரியானதே. கணினியின் தாமதத்தைக் குழந்தை தன் தவறாக எண்ணிக்கொண்டது.

இச்சிக்கல் கணினித்துறைக்குப் புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் மில்லர் 1968இலேயே, கணினியோடு பணிபுரிவதும் ஓர் உரையாடலே என்றார். பல பணிகளுக்கு 2 வினாடிக்குள் மறுமொழி வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த 2 வினாடியில் பயனர் அடுத்ததைச் சிந்திப்பார் எனப் பலர் நம்பினர். 1982இல் அதே நிறுவனத்தின் டோகர்ட்டியும் தடானியும் அந்நம்பிக்கையை மறுத்தனர். மறுமொழி ஒரு வினாடிக்கும் கீழே குறையக் குறைய, மனிதரின் வேகமும் கூடுவதை அவர்கள் கண்டனர். 1993இல் யாக்கோப் நீல்சன் மூன்று எல்லைகளைத் தொகுத்துரைத்தார்: 0.1 வினாடிக்குள் என்றால் உடனடி. 1 வினாடி வரை சிந்தனை அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் சிதறும்.

நம் மொழிக்கு இதில் தனிப்பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் முதல் விசையைத் தட்டினால் 'க்' தோன்றும். உயிருக்குரிய விசையைத் தட்டியதும் அதுவே 'கி' ஆகும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாவதைக் குழந்தை கண்ணெதிரே காண்கிறது. திரை தாமதித்தால் எந்த விசை எதை மாற்றியது என்பது விளங்காது, இலக்கணமும் மறைந்துபோகும்.

2020இல் இல்லிருப்புக் கற்றலின்போது, கைப்பேசியை ஓயாமல் தட்டிய பிள்ளைகளைப் 'பொறுமையில்லை' என்று கடிந்தோம். அவர்கள் எதிர்பார்த்தது, தாம் தட்டியது பதிவானதா என்பதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. 'காத்திரு' என்று காட்டும் சிறுவட்டமே அதற்குப் போதும். ஆகவே, ஒரு மென்பொருளை வகுப்பிற்குத் தேர்வதற்குமுன், பிள்ளைகள் பயன்படுத்தும் பழைய கருவியிலேயே அதை இயக்கிப் பார்ப்போம்.

வகுப்பறையிலும் அப்படித்தானே? கையுயர்த்திய மாணவருக்கு உடனே விடைசொல்ல இயலாவிட்டாலும் ஒரு தலையசைப்பைத் தரலாம். அன்று அழுத சிறுமியிடம், "நீ கெடுக்கவில்லையம்மா, கணினிதான் மெதுவாக இருக்கிறது" என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். நானும் தாமதித்துவிட்டேன்.