பறவூரில் 123 ஓட்டு

வெக்ஸ் ரோபாட்டிக்ஸ் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற பெற்றோருக்கு இந்தத் தகராறு பழக்கமானதுதான். எதிரணி ரோபாட் விதியை மீறியது, நடுவரும் பார்த்தார். ஆனாலும் அந்த அணிக்கே வெற்றி! அங்கே நடுவர் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மீறல் நடந்ததா? நடந்தது என்றால், ஜெயித்தவர் யார் என்பதே அதனால் மாறியதா? வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் இரண்டாவது கேள்வியே கிடையாது, பெரிய தண்டனைதான்.

இதே சிக்கலை நம்ம சுப்ரீம் கோர்ட் 1984-லேயே பார்த்துவிட்டது. அதிலும் நடுவில் நின்றது ஒரு எந்திரம்தான்.

கொச்சி போனவர்கள் ஜங்காரில் ஏறி வைப்பின் தீவுக்குப் போயிருப்பீர்கள். தீவின் வடக்கே செராய் கடற்கரை. அங்கிருந்து கிழக்கே காயலைத் தாண்டினால் வடக்கு பறவூர். 1982 மே 19-ம் தேதி கேரள சட்டசபைத் தேர்தலில், இந்தியாவிலேயே முதல்முறையாக இங்கேதான் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் வந்தது. 84 வாக்குச்சாவடிகளில் 50-ல் எந்திரம், மற்றவற்றில் வழக்கமான வாக்குச்சீட்டு.

எந்திரமே கூடாது என்று தேர்தலுக்கு முன்பே ஹைகோர்ட்டுக்குப் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. தடை கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தவரும் அவரே! அவருக்கு 30,450 ஓட்டு, காங்கிரஸின் ஏ.சி. ஜோஸுக்கு 30,327. வித்தியாசம் 123. இப்போது எந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஜோஸ்.

1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் இரண்டு வழி உண்டு. ஜெயித்தவர் லஞ்சம் கொடுத்தது போன்ற முறைகேடு நிரூபணமானால், முடிவு மாறியதா என்று கேட்காமலே தேர்தல் செல்லாது. வெறும் நடைமுறை மீறல் என்றால், அது முடிவைக் கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும்.

எந்திரம் தப்பாக எண்ணியது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லவில்லை. சட்டம் சொல்வது வாக்குச்சீட்டை, அதை மாற்ற தேர்தல் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்றது, அவ்வளவுதான். ஆனால் சிவன் பிள்ளையின் ஓட்டுகளில் 19,182 எந்திரத்தில் விழுந்தவை. அவற்றுக்கு முன்னால் 123 எம்மாத்திரம்?

தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் அளவுதான். மொத்தத் தேர்தலையும் திரும்ப நடத்தச் சொல்லவில்லை, ஜோஸுக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கவுமில்லை. மீறல் நடந்த 50 சாவடிகளில் மட்டும் வாக்குச்சீட்டில் மறுவாக்குப்பதிவு. அதில் ஜோஸ் ஜெயித்தார்.

அப்படியானால் 1982-ல் எந்திரம்தான் அவரைத் தோற்கடித்ததா? அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு வருடத்தில் ஜனங்களின் மனசும் மாறியிருக்கலாம். 'மீறல் இல்லாதிருந்தால்' என்ற ஆட்டத்தை யாரும் ஆடிப் பார்க்க முடியாது. அதனால்தான் மீறலின் கனத்தையும் வெற்றி வித்தியாசத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1988-ல் சட்டம் திருத்தப்பட்டு எந்திரத்துக்கு அனுமதி வந்தது. 2001-ல் தமிழ்நாடு முழுக்க அதில்தான் ஓட்டுப் போட்டது.

“முடிவு மாறலைன்னா தப்பு பண்ணலாமாப்பா?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் பறவூர் கதையைச் சொல்லுங்கள். தப்பு தப்புதான். எவ்வளவைத் திரும்ப ஆடவைப்பது என்பதற்குத்தான் அந்த இரண்டாவது கேள்வி.