ஒரு பெயரடையின் வரலாறு

சட்டத்தின் கண்ணில் சங்கம் என்பது பத்துப் பேரிலிருந்து தொடங்குகிறது. ஆங் மோ கியோவில் பத்துப் பேர் கூடி இலக்கிய வட்டம் ஒன்றை அமைப்பினும் சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டம் அதனையும் சங்கமாகவே கொள்ளும். அத்தகைய சங்கத்தை அரசு தடைசெய்தால், அத்தடை தகுமா என நீதிமன்றம் ஆராய இயலுமா? விடை பெரிதும் ஒரு பெயரடையைச் சார்ந்திருந்தது என்பதை இரு நாட்டு வரலாற்றால் காண்போம்.

1950 மார்ச்சில், இந்தியக் குடியரசு பிறந்து இரண்டு மாதம் நிறையுமுன், மக்கள் கல்விக் கழகம் என்னும் அமைப்பைச் சட்டவிரோதமானது எனச் சென்னை அரசு அறிவித்தது. அதற்கு அடிப்படையான 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலேயர் இயற்றியது. ஒருகாலத்தில் காங்கிரசுத் தொண்டர் படைகளைத் தடைசெய்யப் பயன்பட்டது. அதனையே காங்கிரசு அரசு திருத்திக் கையாண்டது வரலாற்றின் நகைமுரண். கழகத்தின் பொதுச் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீட்டை 1952 மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தள்ளுபடி செய்தது.

கழகம் நல்லதா தீயதா என்று அத்தீர்ப்பு தேடவில்லை. தடைசெய்யும் முறையையே எடைபோட்டது. அரசு தானே கருதினால் போதும். அரசிதழில் வெளியிட்டால் போதும், உரியவரிடம் ஆணையைச் சேர்ப்பிக்க வேண்டியதில்லை. ஆலோசனைக் குழுவின் முன் நேரில் வாதிட வாய்ப்புமில்லை. அரசமைப்பின் 19ஆம் பிரிவு அனுமதித்தவை "நியாயமான" கட்டுப்பாடுகள் மட்டுமே. இவை அவ்வகையின என நீதிமன்றம் கொள்ளவில்லை.

இப்பெயரடை மலாயாவுக்கும் வந்து, வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. 1957இல் ரீட் ஆணையத்தின் வரைவில் அது இருந்தது. ஆணைய உறுப்பினரான பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது மாறுபட்டார்: அச்சொல் நின்றால் ஒவ்வொரு சட்டமும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படும், எது நியாயம் என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றார். அவர் முடிவு எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அச்சொல்லின் வலிமையை அவர் நன்கறிந்திருந்தார். இறுதி வடிவில் அது நீக்கப்பட்டது. 1965இல் அவ்வுரிமைப் பகுதியைப் பெரிதும் ஏற்ற சிங்கப்பூரின் இன்றைய 14ஆம் பிரிவு, நாடாளுமன்றம் தேவையென்றோ உகந்ததென்றோ கருதும் கட்டுப்பாடுகளுக்கு இடமளிக்கிறது. கருதுவது யார் என்பது இங்கே எழுவாயிலேயே தீர்ந்துவிடுகிறது.

1972இல் பதிவு நீக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைச் சார்ந்தோர் சிலர், சமய உரிமையை முதன்மையாக முன்வைத்து அவ்வாணையை எதிர்த்தனர். 1994இல் தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசமைப்பை அதன் நான்கு சுவர்களுக்குள் வைத்தே பொருள்கொள்ள வேண்டும், பிறநாட்டு ஒப்புமைகளால் அன்று என்னும் கருத்தை அவர் தழுவினார்.