விற்பனைப் பெயரில் ஒளிந்த மரம்

தாஹித்தித் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்குள் மைக்கோனியா கால்வெசென்ஸ் புகுந்துவிட்டது. ஒரு மீட்டர் வரை நீளும் இலை; மேலே பட்டுப் பச்சை, அடியில் கரு ஊதா. அது அடர்ந்துவிட்டால் கீழே வெயில் விழாது. தீவுக்கே உரிய செடிகள் முளைக்க வழியில்லை. ‘பச்சைப் புற்றுநோய்’ என்கிறார்கள் அங்கே. அமெரிக்க வெப்பமண்டலக் காட்டு மரம் பசிபிக் நடுவே வந்த வழியைத் தேடித்தான் பழைய தோட்டக்கலை ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

வழியை மறித்தது பெயர். சுவிஸ் அறிஞர் தெ கந்தோல் 1828இல் வைத்தது இந்த ‘கால்வெசென்ஸ்’. வழுக்கையாகி வருவது என்று பொருள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நர்சரி உலகில் அந்தப் பெயரைத் தேடினால் சுவடே கிடைக்காது. ஒரே செடிக்கு வழங்கிய மாற்றுப் பெயர்களின் பட்டியலைப் பார்த்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது: சயனோஃபில்லம் மக்னிஃபிக்கம். ‘பேரழகான நீல இலை’. பிரஸ்ஸல்ஸ் வணிகர் ழான் லிண்டன் 1857இல் மெக்சிகோவிலிருந்து தருவித்து, ஐரோப்பியப் பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளுக்கு விற்ற அலங்காரச் செடி அதுதான். வழுக்கை என்றால் யார் வாங்குவார்கள்?

இரண்டும் ஒரே செடிதானா? இங்கே ஊதா நிறம் சாட்சி சொல்கிறது. தென் அமெரிக்காவில் இந்த மரத்தின் இலை பெரும்பாலும் அடியிலும் பச்சைதான். பெரிய ஊதா இலை கொண்ட வகை மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ், கோஸ்டாரிகா பக்கத்தது. பசிபிக்கில் பரவியிருப்பதும் அந்த ஊதா வகையே. காட்டை விழுங்கியது, கண்ணுக்கு அழகென்று மனிதர் விரும்பித் தேர்ந்த வடிவம்.

1888இல் அது இலங்கையின் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. தாஹித்திக்குக் கொண்டுவந்தவர் ஹாரிசன் ஸ்மித். அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்துவிட்டு, பாப்பேயாரி ஊரில் தோட்டம் போட்டவர். ஆண்டு 1937. பிறகு பறவைகள் பொறுப்பேற்றன. அவற்றில் ஒன்று நம் முற்றத்துக் கொண்டைக்குருவி. அதுவும் அங்கே வந்தேறிதான். வளர்ந்த மரம் ஆண்டுக்குப் பல லட்சம் விதை தரும்; மண்ணில் விழுந்தவை பத்தாண்டு கடந்தும் முளைக்கும்.

என்னை வாட்டுவது 1971ஆம் ஆண்டுக் குறிப்பு. அவ்வாண்டு தாஹித்திக்குப் போன தாவரவியலாளர் ரேமண்ட் ஃபோஸ்பெர்க், ஹவாயின் சொந்தக் காடுகளை உண்மையிலேயே அழிக்கவல்ல செடி இது என்று எச்சரித்தார். ஹவாயில் அது 1961இலேயே நடப்பட்டிருந்தது. தாஹித்தி அரசு அதைத் தீங்குச்செடியாக அறிவித்தது 1990இல். எச்சரிக்கைக்கும் அறிவிப்புக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள்! அதற்குள் மலைச்சரிவுகள் ஊதாவாகிவிட்டன.

ஸ்மித்தை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று தாஹித்திச் சந்தையில் குவியும் பம்பளிமாசும் அவர் கொண்டுவந்து நட்டதுதான்.