தாத்தா, அப்பா, மகன்: பேக்கப்பின் பூர்வீகம்

போன மாசம் என் ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. 'டக்... டக்... டக்' என்று கோழி கொத்துவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிப்பேர் கடை அண்ணன் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "பேக்கப் வச்சிருக்கியா தம்பி?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் போனது கூடப் பரவாயில்லை. தாத்தா போய்ச் சேருவதற்கு முந்தைய வருஷம் அவரைப் பேசவைத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். அதுவும் அதில்தான் இருந்தது. அந்த எரிச்சலில், இந்த 'பேக்கப்' என்ற சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம், வாங்க.

1950களில் கணினிகளின் பெரிய நினைவகம் காந்த நாடாதான். ஒரு கம்பெனியின் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரைக்குமான கணக்கு ஒரு நாடாவில். இன்றைய மாற்றங்கள் இன்னொன்றில். இரண்டையும் படித்து மூன்றாவதாக ஒரு புது நாடாவில் புதுக்கணக்கை எழுதும் கணினி. நாடாவின் நடுவில் ஒரு வரியை மட்டும் அழித்து எழுதுவது கஷ்டம், அதனால்தான் இந்தச் சுற்று. விளைவு என்ன தெரியுமா? பழைய நாடா அப்படியே கை படாமல் இருக்கும்! புதுசு மகன், பழசு அப்பா, அதற்கும் முந்தையது தாத்தா. இந்த முறைக்கே 'தாத்தா-அப்பா-மகன்' என்றுதான் பெயர் (நான் வைத்ததில்லை, சத்தியமா). மகன் கெட்டுப்போனால் அப்பாவையும் அன்றைய மாற்றங்களையும் எடுத்து மறுபடி ஓட்டினால் போதும். அதாவது பேக்கப் என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. வேலை நடந்தாலே நகல் தானாக மிஞ்சும்.

இதைக் கெடுத்தது நம்ம ஹார்ட் டிஸ்க்தான்.

1956ல் ஐபிஎம் 'ராமாக்' என்ற கணினியை வெளியிட்டது. அதிலிருந்ததுதான் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், எடை ஒரு டன்னுக்குக் குறையாது, கொள்ளளவோ வெறும் 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே பத்தாது. ஆனால் அது செய்த புரட்சி பெரிசு. எந்தக் கணக்கு வேண்டுமோ நேராக அந்த இடத்துக்குப் போய், அதே இடத்தில் மாற்றி எழுதலாம். காத்திருக்க வேண்டாம். ஆனால் மாற்றி எழுதிய அந்த நொடியே பழைய எண் காலி. அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை! நகல் வேண்டுமென்றால் யாராவது மெனக்கெட்டு எடுக்க வேண்டும் என்ற நிலைமை இப்படித்தான் வந்தது.

1962ல் ஐபிஎம் கழற்றி எடுக்கக்கூடிய டிஸ்க் கொண்டுவந்தது. ஆறு தட்டுகள் அடுக்கிய ஒரு பொட்டி, நாலரை கிலோ சொச்சம். கேக் டப்பா மாதிரி தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டி வைக்கலாம். நாம் இன்றைக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பையில் போடுகிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இதுதான். ஆனால் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி குறையக் குறைய, ஒரு தூசு கூட எமனாக ஆனது. 1973ல் வந்த 'வின்செஸ்டர்' வடிவமைப்பு தட்டையும் முனையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடியது. அதன் வழியில் வந்த டிஸ்க்குகள் மெல்ல மெல்ல கணினிக்குள்ளேயே குடியேறிவிட்டன.

1983ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 எம்பி டிஸ்க். அதை பேக்கப் எடுக்க 360 கேபி ஃப்ளாப்பிகள்தான் கதி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 29 ஃப்ளாப்பி. ஒவ்வொன்றாகச் செருகி, எண் எழுதி, எடுத்து... தாவு தீர்ந்துவிடும். டாஸில் அதற்கென்றே 'பேக்கப்' என்று கட்டளையும் இருந்தது. பொறுமைக்குத்தான் கட்டளை இல்லை.

அப்புறம் யூஎஸ்பி வந்தது. 1998ன் யூஎஸ்பி 1.1 வேகத்தில் 40 ஜிபியை நகலெடுக்க, காகிதக் கணக்கிலேயே கிட்டத்தட்ட ஏழரை மணி நேரம். (ஏழரை!) 2000ல் வந்த யூஎஸ்பி 2.0 நாற்பது மடங்கு வேகம். டிஸ்க் மறுபடி பெட்டியை விட்டு வெளியே வந்ததற்கு இதுதான் காரணம் என்பேன். 2007ல் ஆப்பிளின் 'டைம் மெஷின்', டிஸ்க்கைச் செருகினால் போதும், மணிக்கொரு தரம் மாற்றங்களை எடுத்து வைத்தது. தாத்தாவும் அப்பாவும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் நகல் இருக்கிறது என்று நம்புவது வேறு, இருப்பது வேறு. 1998ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையில் படத்தின் 90 சதவீதம் கோப்புகள் காணாமல் போயின. பேக்கப் நாடாவை எடுத்தால் அது ஒழுங்காக வேலையே செய்திருக்கவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது! போர்வை சுற்றி காரில் வைத்து பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். (அதற்கப்புறம் கதை பிடிக்கவில்லை என்று பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள், அது தனி கூத்து.)

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வந்தபோது இன்னொன்று புரிந்தது. கணினியோடு செருகியே இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளையும் அது சேர்த்துப் பூட்டியது. ஒரே வீட்டில், ஒரே வயரில் இருந்தால் அதுவும் அசல் மாதிரிதான்.

இப்போது இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒன்று சித்தி வீட்டு பீரோவில். மாதாமாதம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

தாத்தாவின் பதிவு? கடை அண்ணனால் முடியவில்லை. ஆனால் ரெண்டு வருஷம் முன்னாடி அத்தை மகளுக்கு அதிலிருந்து ஒரு துண்டு அனுப்பியிருந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. 11 நிமிஷம். ஏரியில் மீன் பிடித்த கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "காபி ஆறிப் போச்சு பாரு" என்கிறார். பின்னால் குக்கர் விசில்.