துண்டும் தகடும்: ஊவாத் தோட்டங்களில் கடன் இடம்பெயர்ந்த முறை

வரலாற்றுக் கட்டுரையொன்றைச் சீட்டாட்ட விதியோடு தொடங்குவது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். 1993ஆம் ஆண்டில் றிச்சார்ட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற சேகரிப்புச் சீட்டு விளையாட்டில், 2003ஆம் ஆண்டு முதல் உபகரணம் என்றொரு சீட்டுவகை உண்டு. வாளையோ கவசத்தையோ குறிக்கும் அச்சீட்டை ஆடுபவர் தம் ஆளுகைக்குட்பட்ட ஓர் உயிரியோடு இணைப்பர். இணைப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை மீண்டும் செலுத்தின், அதே உபகரணத்தை வேறோர் உயிரிக்கு மாற்றலாம். ஒரே வேளையில் இரண்டுக்கு மாட்டவியலாது. உயிரி மாண்டால் உபகரணம் அதனோடு அழிவதில்லை. அது களத்திலேயே தனித்துக் கிடந்து, அடுத்ததற்காகக் காத்திருக்கும்.

எம் மாணவர் சிலர் ஓய்வுநேரத்தில் இவ்விதியைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எமக்கு நினைவில் எழுந்தது பதுளை மாவட்டத்துப் பழைய தோட்டக் கணக்குகளே. இணைத்தல், விலை கொடுத்து மாற்றுதல், தாங்குவோன் மாண்டபின்னும் நிலைத்திருத்தல் ஆகிய மூன்றும் அங்கு மனிதர்மேற் செயற்பட்டன. அவற்றைச் செயற்படுத்திய காகிதத்திற்குத் துண்டு என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமாரும் அச்சொல்லை மொழிபெயர்க்கவில்லை. தம் கடிதங்களிலும், பின்னர் சட்டத்திலுங்கூட, துண்டு என்றே எழுதினர்.

தென்னிந்தியக் கிராமத்தினின்று புறப்பட்ட தொழிலாளி தோட்டத்தை அடையுமுன்பே கடனாளியானான். வழிச்செலவும், ஊரில் அவன் பட்டிருந்த சில்லறைக் கடனைத் தீர்க்கக் கொடுத்த பணமும் முற்பணமாயின. தோட்டம் அம்முற்பணத்தைப் பெரியகங்காணியிடம் கொடுத்தது. கங்காணி தன் கூட்டத்தாரின் பெயரில் எழுதிக்கொண்டான். மலைக்குளிருக்கென வழங்கப்பட்ட கம்பளியும், மாதந்தோறும் அளந்த அரிசியும் சம்பளக் கணக்கிலேயே கழிக்கப்பட்டன. கம்பளியைப் போர்த்தவன் கடனையும் போர்த்தான் எனலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு கண்காணும் வடிவம் ஏற்பட்டது. ஆள் சேர்க்கப் புறப்படும் கங்காணியிடம் சிறு தகரத்தகடுகள் கொடுத்தனுப்பப்பட்டன. தகட்டில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன் கையில் காசின்றியே கடலையும் மலையையும் கடக்கலாம்; வழிச்செலவு முழுவதும் அவ்வெண்ணுக்குரிய தோட்டத்தின் பற்றில் ஏறும். தோட்டமோ அதனைக் கூட்டத்தின் கணக்கில் ஏற்றும். 1904இல் தோட்டத்துரைமார் சார்பில் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட தொழில் ஆணையகம் ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியபோது இம்முறை பெரிதும் பயன்பட்டது. பெயர் தெரியாத ஒருவனைப் பொருளைப்போல் சரியான முகவரிக்குச் சேர்ப்பிக்க இதனினும் எளிய வழி இல்லை.

தகடு ஆளைத் தோட்டத்தோடு இணைத்தது; துண்டு அவனை அங்கிருந்து நகர்த்தியது. அது நடந்த விதத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். மடுல்சீமைப் பகுதியில் ஒரு கங்காணியின் கீழ் 40 பேர் வேலை செய்தனர் என்றும், அவன் பெயரில் 2,000 ரூபா கடன் நின்றது என்றும் கொள்க. அவன் விலக விரும்பின் துரையிடம் துண்டு கேட்பான். இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் இத்தொகை செலுத்தப்படின் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கையொப்பமிடுவான். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு பசறைக்கோ ஹாலிஎலைக்கோ அப்புத்தளைக்கோ சென்று, ஆட்பற்றாக்குறையுள்ள தோட்டங்களில் காட்டுவான். விரும்பிய துரை தொகையைச் செலுத்துவான். கங்காணிக்கெனச் சிறிது மேலதிகமும் கொடுப்பான். மறுநாள் 40 பேரும் குழந்தை குட்டிகளோடு மூட்டை கட்டி நடப்பர். 2,000 ரூபா தீர்ந்துவிடவில்லை; மேலதிகத்தையுஞ் சேர்த்துக்கொண்டு புதிய தோட்டத்தின் ஏட்டில் ஏறியது.

விளையாட்டில் உயிரியே முதன்மை. உபகரணம் அதற்குத் துணை. துண்டு முறையில் இது தலைகீழாயிற்று. விலைபேசப்பட்டது கடன், அக்கடனுக்குத் துணையாகவே மனிதர் சென்றனர். ஒருவன் காய்ச்சலில் இறந்தாலும், இரவோடிரவாகத் தப்பியோடினாலும், தோட்டம் கொடுத்த முற்பணம் கங்காணியின் பெயரில் அப்படியே நின்றது. அவன் அதனை எஞ்சியோரிடமே, சிறப்பாக இறந்தவனின் உறவினரிடமே, தேட முனைந்தான்.

சட்டம் இவ்வாறு சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் மாத ஒப்பந்தமே. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அவன் விலகலாம். அறிவிக்காது விலகின் சிறை உண்டு. ஆனால் எழுத்தறியாத ஒருவன், தான் எவ்வளவு கடன்பட்டுள்ளான் என்பதைக் கங்காணி சொல்லக் கேட்டே அறிந்தவன், முன்னறிவித்தலை யாரிடம், எவ்வாறு கொடுப்பான்? கொடுத்தாலும் துண்டில்லாதவனை அடுத்த தோட்டம் ஏற்கத் தயங்கும்.

எனினும் துண்டை வெறும் விலங்கென்று கூறி முடித்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது என்பது எம் கருத்து. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டியது. பதுளையை எட்டியதோ 1924இலேயே. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு மலைப்பாதையே வழி. அத்தகைய தொலைவில், கொடிய துரையிடம் அகப்பட்ட கூட்டத்திற்குச் சட்டம் தராத ஒரு வாயிலைத் துண்டு தந்தது. துரைமார் அதனைப் பழித்ததற்குக் காரணமும் இதுவே. ஆட்களுக்காகத் தம்முட் போட்டியிட்டுத் தாமே முற்பணத்தை உயர்த்திவிட்டு, கங்காணிமார் தோட்டந்தோட்டமாகத் துண்டை ஏந்தித் திரிகின்றனர் என்று முறையிட்டனர். அவர்கள் கவலை தொழிலாளியின் கடன்பற்றியதன்று, அவன் நகர்ந்துவிடுவதுபற்றியது.

ஆகவே துண்டின் ஒழிப்பை அருளுணர்வின் விளைவாக மட்டும் காட்டலாகாது. மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரக்காயர் ஆகிய இருவரும் இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை அளித்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்து, சிறைத்தண்டனை விதிக்கும் தொழிற்சட்டத்தை எதிர்த்தார். இந்திய அரசு குடியகல்வைக் கட்டுப்படுத்தக்கூடும் என்ற அச்சமும் துரைமாரைப் பிடித்தது. 1922இல் அச்சட்டம் வந்தே விட்டது. இவற்றோடு, வளர்ந்துகொண்டே சென்ற முற்பணச் சுமையும் சேர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடை செய்தது.

கங்காணியின் கடனேடு வலுவிழந்தது, காகிதம் மறையவில்லை. வேலைநீக்கச் சீட்டான பற்றுச்சீட்டு, தொழிலாளர் வாய்மொழியில் பத்துச்சீட்டு, முன்னிலும் அச்சந்தருவதாயிற்று. துண்டு 40 பேரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசென்றது. பத்துச்சீட்டோ ஒருவனை எங்குமின்றி வெளியேற்றியது. லயத்து அறை வேலையோடு பிணைந்திருந்தமையால் அவன் குடும்பமும் அவனோடு தெருவுக்கு வந்தது. 1930களின் இறுதியில் ஊவாத் தோட்டங்களிற் பரவிய தொழிற்சங்கங்கள் முதலில் எதிர்கொண்டது இச்சீட்டையே. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோரும் இவ்வச்சத்தை அறியாதவரல்லர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பகுத்தது. துண்டு ஒழிந்து மூன்றாண்டுகள் கழித்துப் பதுளைக்கு வந்த அதே புகையிரதப் பாதையில், தகடணிந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் கடவுச்சீட்டுகளோடு தலைமன்னாரை நோக்கி இறங்கினர்.