குடற்புழு மாத்திரை: 'பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதுக்கு?' பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

"ஸ்கூல்ல பூச்சி மாத்திரை தர்றாங்களாம், வாங்கலாமா வேண்டாமா?" மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என சென்னையில் எங்கே இருந்தாலும் பெற்றோர் பலருக்கும் வரும் கேள்வி இது. 'நம்ம வீடு அபார்ட்மென்ட், பிள்ளை மண்ணுல விளையாடுறதே இல்ல' என்று தவிர்ப்பவர்களும் உண்டு. அது சரியா? பார்க்கலாம்.

என்ன திட்டம் இது?

மத்திய அரசு 2015-ல் தொடங்கியது தேசிய குடற்புழு நீக்க நாள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என ஆண்டுக்கு 2 முறை. மாநிலத்துக்கு ஏற்ப தேதி சற்று மாறலாம். பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படும். அன்று விடுபட்டவர்களுக்கு சுமார் ஒரு வாரம் கழித்து இன்னொரு முகாம் உண்டு.

யாருக்கு எவ்வளவு?

* 1 முதல் 2 வயது வரை: அரை மாத்திரை (200 மி.கி.)
* 2 முதல் 19 வயது வரை: ஒரு மாத்திரை (400 மி.கி.)
* தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் ஒரு மாத்திரை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு முகாமில் தருவதில்லை.

அறிகுறி இல்லாதவர்களுக்கு எதுக்கு?

மண் வழியாகப் பரவுபவை முக்கியமாக மூன்று: உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு சுமார் 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் சில வாரங்கள் இருந்து முதிர்கிறது. பிறகு சரியாகக் கழுவாத காய்கறி, கை, தண்ணீர் மூலம் வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழுவின் லார்வா வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய்விடும். கீரைக்கட்டு வீட்டுக்கு வருகிற வரைக்கும் அபார்ட்மென்ட் பிள்ளைக்கும் ஆபத்து முழுசா இல்லை என்று சொல்ல முடியாது.

புழு கொஞ்சமாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். நாளடைவில் ரத்தசோகை, சோர்வு, படிப்பில் கவனக்குறைவு வரும். உலகில் சுமார் 150 கோடி பேருக்கு இந்தப் புழுத் தொற்று இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை செய்ய ஆகும் செலவு, மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு. அதனால்தான் பரிசோதனை இல்லாமலே எல்லாக் குழந்தைகளுக்கும் தரப்படுகிறது.

மாத்திரை என்ன செய்யும்?

புழு குளுக்கோஸை உறிஞ்சவிடாமல் தடுக்கும். சக்தி இல்லாமல் புழு இறந்து வெளியேறும். ஆனால் இது தடுப்பூசி இல்லை. அடுத்த வாரமே புது முட்டை வயிற்றுக்குள் போனால் மறுபடியும் தொற்று வரும். 6 மாதத்துக்கு ஒருமுறை தருவதன் காரணம் இதுதான்.

கொடுக்கும்போது கவனம்

மாத்திரையை மென்று சாப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழும் குழந்தையின் வாயில் திணித்தால் புரையேறும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று வேண்டாம், குணமான பிறகு தரலாம். சமீபத்தில் வீட்டில் கொடுத்திருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைவலி வரலாம். வயிற்றில் புழு அதிகம் இருந்தவர்களுக்கே இது அதிகம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

ராத்திரி ஆசனவாய் அரிப்பா?

அது பெரும்பாலும் நூல்புழு. இதற்கு மண் தேவையில்லை. நகம், படுக்கை விரிப்பு வழியாக வீட்டுக்குள்ளேயே பரவும். ஒரு டோஸ் போதாது. 2 வாரம் கழித்து இரண்டாவது டோஸ் வேண்டும். வீட்டில் எல்லாருமே சேர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமீபா தொற்றுக்கு இந்த மாத்திரை உதவாது. அதற்கு மருந்தே வேறு.

மாத்திரையோடு சேர்த்து...

கழிப்பறை போய்விட்டு வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்பால் கை கழுவுதல், நகம் வெட்டுதல், செருப்பு அணிதல், கீரையை நல்ல தண்ணீரில் பலமுறை அலசுதல். இவை இல்லாவிட்டால் மாத்திரையின் பலன் கொஞ்ச நாள்தான். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அல்லது 104 எண்ணை அழைக்கலாம்.