ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்: கேரளத் தமிழ்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நடைபெற்ற மாணவர் பேரவைத் தேர்தல்கள் கல்வி வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. கலை, அறிவியல் கல்லூரிகளின் தேர்தல்கள் மாணவர் இயக்க வரலாற்றின் பகுதியாக எழுதப்பட்டுள்ளன. பயிற்சிக் கல்லூரியில் வாக்களித்தவரோ அடுத்த ஆண்டே வகுப்பறையில் நின்று தேர்தல், வாக்கு, பெரும்பான்மை என்னும் சொற்களைச் சிறார்க்குக் கற்பிப்பவர். ஆகவே அங்கு அவர் எம்மொழியில் தேர்தலைக் கண்டார் என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க வினாவாகும். கேரளத்தின் தமிழ்ப் பகுதிகளை, குறிப்பாகப் பீருமேடு வட்டத்து ஏலப்பாறை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளைப் பின்னணியாகக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பயிற்சிக் கல்லூரியும் பேரவையும்

தென்னிந்தியாவில் ஆசிரியர் பயிற்சி நெடிய வரலாறு உடையது. பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என அறியப்பட்ட நிறுவனம் 1856இல் தோன்றியது. எனினும் மாணவர் பேரவை ஒரு கல்விச் சாதனம் என்னும் கருத்து விடுதலைக்குப் பின்னரே வலுப்பெற்றது எனலாம்.

இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) மாணவர் பேரவைகளை ஏற்றுக்கொண்டதோடு, அவை இயன்ற அளவு அரசியல் சார்பின்றி இயங்குதல் நன்று எனவும் கருதியது. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) மக்களாட்சிக் குடிமைப் பண்பை வளர்த்தலை இடைநிலைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. பயிற்சி பெறும் ஆசிரியர் பாடம் சாராத செயற்பாடுகளிலும் பயிற்சி பெறவேண்டும் என்றது. கோத்தாரி குழு (1964-66) மாணவர் அனைவரும் தாமாகவே பேரவை உறுப்பினர் ஆவர் என்றும், பொறுப்பாளரை மாணவர் மன்றங்களின் வழியே மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கின் ஓர் இரட்டை மனநிலை புலனாகிறது. தேர்தல் வேண்டும், ஆனால் அது அரசியலாகிவிடக் கூடாது. பயிற்சிக் கல்லூரிகளில் இம்மனநிலை மேலும் கூர்மையடைந்தது. அங்குப் பயில்வோர் நாளைய ஆசிரியர். தேர்தல் அவர்களுக்கு உரிமையாகவும் பாடமாகவும் ஒருங்கே அமைந்தது.

2. ஓராண்டுப் படிப்பும் பேரவையின் இயல்பும்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு முன்னர்க் கல்வியியல் இளவர் பட்டப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுக் காலத்தது. இக்கால அளவே பேரவையின் இயல்பை உருவாக்கியது. மூன்றாண்டுப் படிப்புள்ள கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர் முதலாமாண்டில் பெற்ற அறிமுகத்தைக் கொண்டு போட்டியிடுவார். ஓராண்டுக் கல்லூரியில் வேட்பாளரும் வாக்காளரும் ஒரே நாளில் சேர்ந்தவர். மூத்த மாணவர் என ஒருவரும் இலர். தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைக்கு எஞ்சியிருந்தவை சில திங்கள்களே. அவற்றிலும் ஒரு பகுதி பள்ளிகளில் கற்பித்தற் பயிற்சிக்குச் சென்றுவிடும். சென்ற ஆண்டின் பேரவை விட்டுச்சென்ற மரபைக் கையளிக்க ஆள் இல்லாத நிலையில், ஒவ்வோராண்டும் பேரவை புதிதாகவே தொடங்கியது.

இத்தகைய சூழலில் வேட்பாளரை வாக்காளர்க்கு அறிமுகப்படுத்துவன இரண்டே: அவர் முன்னர்ப் பயின்ற கல்லூரியில் சார்ந்திருந்த மாணவர் அமைப்பு, அவர் மேடையில் பேசும் மொழி. கேரளத்தில் இவ்விரண்டும் வலுவாக இருந்தன.

3. கேரளத்து முறை

1957இல் கேரள மாணவர் சங்கம் தோன்றியது. 1958இல் படகுக் கட்டண உயர்வை எதிர்த்துக் குட்டநாட்டில் எழுந்த ‘ஒரணா சமரம்’ அதனை மாநிலம் அறியச் செய்தது. 1970இல் இந்திய மாணவர் சங்கம் திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. இவற்றின் போட்டியே கல்லூரித் தேர்தலின் அச்சாக அமைந்தது.

சேர்மன், துணைச் சேர்மன், பொதுச் செயலாளர், பல்கலைக்கழகப் பேரவைக்குச் செல்லும் கவுன்சிலர், மாணவர் இதழாசிரியர், கலைமன்றச் செயலாளர், மகளிர் பிரதிநிதிகள் எனப் பொறுப்புகள் வகுக்கப்பட்டன. தேர்தல் இருவகைப்பட்டது. மாணவர் அனைவரும் பொறுப்பாளர்க்கு நேரே வாக்களிப்பது ஒன்று. வகுப்புப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்கள் பொறுப்பாளரைத் தேர்வது மற்றொன்று. முன்னது குடியரசுத் தலைவர் முறை என்றும், பின்னது பாராளுமன்ற முறை என்றும் ஆங்கிலப் பெயர்களாலேயே சுட்டப்பட்டன. நாட்டின் ஆட்சிமுறைச் சொற்கள் சில நூறு பேர் பயிலும் கல்லூரிக்குள் இவ்வாறு இறங்கிவந்தமை நோக்கத்தக்கது.

4. 1956: ஒரு மொழி எல்லை

மாநில மறுசீரமைப்புக் குழு 1955இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் தென் திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நிலைத்தன. 1956 நவம்பர் 1 அன்று இப்பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரு திங்களுக்குள், 1956 திசம்பரில், சென்னைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதனையொட்டி வெளிவந்த ஆட்சிச் சொல்லகராதியும் நிருவாகத் தமிழாக்கமும் தேர்தல் சொற்களுக்கு நிலைத்த வடிவம் தந்தன. அவ்வாக்கத்தின் எல்லைக்கு வெளியே ஏலப்பாறைத் தமிழர் மிகச் சில வாரங்களில் நிறுத்தப்பட்டனர்.

இதனால் மலைப்பகுதியில் அரசியல் தமிழ் இல்லாமற் போகவில்லை. 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தமிழ்ப் பாடல்களால் பரப்புரை செய்தார். தொழிற்சங்க மேடைகளிலும் தமிழ் ஒலித்தது. ஆனால் மேடைத் தமிழ் வேறு, முறைமைத் தமிழ் வேறு. வேட்புமனு, விதி, அறிவிப்பு, முடிவு ஆகியவற்றின் எழுத்துமொழி கேரளக் கல்லூரிகளில் ஆங்கிலமாகவும் மலையாளமாகவுமே இருந்தது.

அரசியலமைப்பின் 350அ உறுப்பு (1956) மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வகைசெய்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம்மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. இவ்விரண்டும் பள்ளியையும் அலுவலகத்தையும் தொட்டன. இடையிலுள்ள கல்லூரிப் பேரவையை அவை தொடவில்லை.

5. சொற்களின் நிலை

இரு மொழித் தேர்தல் சொற்களை ஒப்பிடுகையில் மூன்று வகைகள் தெரிகின்றன.

முதலாவது, பொதுவேர்ச் சொற்கள். மலையாளத் ‘தெரஞ்ஞெடுப்பு’ தமிழ்த் ‘தெரிந்தெடுப்பு’ என்பதன் உடன்பிறப்பு. முன்னுயிரை அடுத்த ‘ந்த்’ மலையாளத்தில் ‘ஞ்ஞ்’ ஆதல் இயல்பு. ‘அறிந்து’ என்பது ‘அறிஞ்ஞு’ ஆவது போன்றது. பேச்சுத் தமிழின் ‘தெரிஞ்சு’ இதற்கு மிக அண்மையது. காப்புத்தொகையை மலையாளம் ‘கெட்டிவச்ச காசு’ என்னும். இலங்கைத் தமிழ் ‘கட்டுப்பணம்’ என்னும். தமிழகத்தில் பேச்சுவழக்கு ‘டெபாசிட்’ என்பதோடு நின்றுவிட்டது.

இரண்டாவது, வடமொழி வழி பிரிந்த சொற்கள். வேட்பாளரை மலையாளம் ‘ஸ்தானார்த்தி’ என்கிறது. தமிழில் முன்பு வழங்கிய ‘அபேட்சகர்’ பின்னர் ‘வேட்பாளர்’ என்பதற்கு இடங்கொடுத்தது. தேர்தல் நடத்தும் அலுவலர் மலையாளத்தில் ‘வரணாதிகாரி’, இலங்கைத் தமிழில் ‘தெரிவத்தாட்சி அலுவலர்’. பெரும்பான்மைக்கு மலையாளம் ‘பூரிபட்சம்’ என்னும். முழக்கத்திற்கு ‘முத்ராவாக்யம்’ என்னும். இவை வேறுபட்டாலும் குழப்பம் விளைவிப்பதில்லை. கேட்பவர் புதுச்சொல் என உணர்ந்து பொருள் வினவுவார்.

மூன்றாவது வகையே இடர் தருவது. ஒலியொப்புமை இருந்தும் பொருள் விலகிய சொற்கள் இவை. மலையாளத்தில் ‘அவகாசம்’ உரிமை. தமிழில் அது காலத்தவணை. மலையாளத்தில் ‘பிரகடனம்’ ஊர்வல ஆர்ப்பாட்டம். தமிழில் ‘பிரகடனம்’ பறைசாற்றல். மலையாளச் ‘சமரம்’ வேலைநிறுத்தம் உள்ளிட்ட போராட்டம். தமிழ்ச் ‘சமர்’ போர். ‘வித்யார்த்திகளுடெ அவகாசம்’ என்னும் சுவரெழுத்தைத் தமிழ் மட்டும் அறிந்தவர் மாணவர் கேட்கும் காலநீட்டிப்பு எனக் கொள்ளக்கூடும். உரிமை என்னும் கருத்தே அங்கு மறைந்துபோகிறது.

6. நீதிமன்றமும் வயது வரம்பும்

2003இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில், வளாகத்தில் அரசியல் செயற்பாட்டைத் தடைசெய்யக் கல்வி நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் முறை பற்றிய மற்றொரு கேரள வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, லிங்டோ குழு அமைவதற்குக் காரணமாயிற்று. அக்குழுவின் பரிந்துரைகளை 2006 செப்டம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது.

வேட்பாளர் ஒருவர்க்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய். வருகை 75 விழுக்காடு. இளநிலையில் 22, முதுநிலையில் 24-25 என வயது வரம்பு ஆகியன அவற்றுள் சில. பட்டம் பெற்றபின்னரோ, முதுகலை முடித்தபின்னரோ ஆசிரியர் பயிற்சிக்கு வருவோர்க்கு இவ்வயது வரம்பு நெருக்கடியானது. நாளை வாக்குச்சாவடி அலுவலராக அமரக்கூடிய ஒருவர், தம் கல்லூரியில் வேட்பாளராக நிற்க வயது கடந்தவராகிவிடுகிறார்.

முடிவுரை

பயிற்சிக் கல்லூரித் தேர்தல் சிறிது. அதன் பேரவை குறுகிய காலத்தது. எனினும் ஆசிரியரின் வழியே அதன் சொற்கள் பள்ளியை அடைகின்றன. தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் ஆசிரியர் தேர்தலை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பட்டறிந்திருப்பின், பாடநூலில் உள்ள ‘வேட்புமனு’ அவருக்கும் மாணவர்க்கும் ஏட்டுச் சொல்லாகவே நிற்கும். தோட்டத் தொழிலாளியின் குழந்தை உரிமை என்னும் சொல்லைத் தன் மொழியில் உயிருள்ள சொல்லாகப் பெறுவதும் பெறாததும் இதனைச் சார்ந்துள்ளது.

ஆகவே கேரளத் தமிழ்ப் பகுதிகளுக்கான தேர்தல் கலைச்சொல் தொகுப்பு, தமிழகச் சொற்களை அப்படியே பெயர்த்தெடுப்பதாக அமைதல் போதாது. பொதுவேர்ச் சொற்களைப் பாலமாகக் கொண்டும், பொருள் விலகிய சொற்களைத் தனியே எச்சரித்தும், இலங்கை வழக்கையும் ஒப்புநோக்கியும் அது தொகுக்கப்படவேண்டும். பயிற்சிக் கல்லூரிப் பேரவையின் அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிடுதல் அதற்குரிய எளிய தொடக்கமாகும்.